நர்சம்மா பேட்டரி

எங்கள் பக்கத்தில் டார்ச் லைட்டுக்குப் பெயர் பேட்டரி. அதற்குள்ளே போடுகிற பேட்டரிக்குப் பெயர் கட்டை. "பேட்டரில கட்ட தீந்துபோச்சு" என்றால் பாப்பிரெட்டிப்பட்டி சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தெற்கேயிருந்து புதிதாக வேலைக்கு வந்த டாக்டர் ஒருவர், மருத்துவ முகாம் நடந்த ஊரில், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கி வரும்படி ஒருவரைக் கடைக்கு அனுப்பினார். போனவர் புத்தம்புது டார்ச் ஒன்றோடு வந்து நின்றார். டாக்டர் பேட்டரி, பேட்டரி என்று அழுத்திச் சொல்லச் சொல்ல, அவர் கையிலிருந்ததையே திரும்பத் திரும்ப நீட்டினார். இரண்டு பேர் பக்கமும் சரிதான். நான் மாத்திரைப் பெட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

நான் கிராம சுகாதார செவிலியர். சித்தேரி மலைக்கு அடிவாரத்தில் இருக்கிற சில ஊர்கள் என் பொறுப்பு. கர்ப்பிணிகளைப் பார்ப்பது, பிரசவம் முடிந்து வீடு திரும்பிய தாயையும் பிள்ளையையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, தடுப்பூசி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று ஸ்கூட்டரிலேயே பொழுது போய்விடும். பையில் அரசாங்கம் கொடுத்த சாமான்கள் எல்லாம் உண்டு. பையின் வாரில் கிளிப் போட்டுத் தொங்குகிற விரல் நீள பேட்டரி மட்டும் என் சொந்தச் சொத்து. அதை இந்த ஊர்களில் நர்சம்மா பேட்டரி என்பார்கள். கடையில் அப்படி ஒன்று கிடைக்காது. ஏனென்றால் அதன் வெளி உடம்பைத் தவிர எல்லாவற்றையும் நான் மாற்றிவிட்டேன்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

எதையும் கழற்றிப் பார்க்காவிட்டால் எனக்குக் கை நமநமவென்று இருக்கும். மிக்சி நின்றுபோனால் கடைக்குக் கொண்டுபோகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம், ஸ்கூட்டரின் ஹாரன் எல்லாம் ஒரு முறையாவது சாப்பாட்டு மேசைமேல் துண்டு துண்டாகக் கிடந்திருக்கின்றன. இந்த வீட்டில் நான் இன்னும் கழற்றாதது தன்னை மட்டும்தான் என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, கெட்டுப்போன அடுத்த சாமானையும் அவரே எடுத்து வந்து என் முன்னால் வைப்பார்.

பேட்டரி விஷயம் கோபத்தில்தான் ஆரம்பித்தது. முதலில் பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டார்ச் ஒன்று வைத்திருந்தேன். அதன் வெளிச்சம் நீலம் கலந்த வெள்ளை. ஊரில் எல்லாருக்கும் அந்த வெளிச்சம்தான் பிடிக்கும், பளிச்சென்று இருப்பதால். எனக்கு அது எதிரி. ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க, பெண்களின் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா, வெளிறியிருக்கிறதா என்று பார்ப்போம். அந்த நீல வெளிச்சத்தில் எல்லா இமையும் வெளிறித்தான் தெரிந்தது. கல் உடைக்கிற வலுவுள்ள பெண்ணுக்கும், படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண்ணுக்கும் ஒரே இமை. வாசலுக்குக் கூட்டி வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கதை வேறு. ஒரு டார்ச் எனக்குப் பொய் சொல்கிறது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

எல்லா வெளிச்சமும் ஒன்றில்லை என்பதை யூடியூபில் பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டார்ச்சுக்குள் எரிகிற எல்.இ.டி. ஒரு துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். அதிலேயே பல ரகம். சில ரகம் கண்ணைப் பறிக்கும், நிறத்தைக் கொன்றுவிடும். சில ரகம் வெளிச்சம் குறைவாகக் கொடுத்தாலும் நிறத்தை உள்ளபடி காட்டும். எனக்கு வேண்டியது இரண்டாவது ரகம். நல்ல உலோக உடம்புள்ள சின்ன டார்ச் ஒன்றையும், பருப்பு அளவு எல்.இ.டி.யையும், அதைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னையும் ஆன்லைனில் வரவழைத்தேன். முதல் எல்.இ.டி.யைத் தலைகீழாக ஒட்டி எரித்தேன். அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, எரிந்துபோனது.

இரண்டாவது நன்றாக எரிந்தது. சாயங்கால வெயில்போல இதமான மஞ்சள். அந்த வெளிச்சத்தில் யாரைப் பார்த்தாலும் அழகாக இருந்தார்கள். என் வீட்டுக்காரரை உட்காரவைத்துக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. பதறிப்போய் மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். அவர் திட்டிக்கொண்டே போய்விட்டு வந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. காமாலை என் லைட்டுக்குத்தான்.

அதன்பிறகு எந்த லைட்டையும் நான் சோதிக்காமல் நம்பியதில்லை. மூன்றாவது எல்.இ.டி. வந்ததும் சமையலறையில் ஒரு பரீட்சை வைத்தேன். பாலக்கோட்டுத் தக்காளி, பீட்ரூட், பப்பாளிக் கீற்று, கொத்தமல்லிக் கட்டு, வெள்ளை வேட்டித் துண்டு எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி, முதலில் முற்றத்து வெயிலில் பார்த்தேன். பிறகு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு டார்ச்சில் பார்த்தேன். வெளியே ஓடுவதும் உள்ளே ஓடுவதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கடைசியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வெயிலில் என்ன நிறமோ, டார்ச்சிலும் அதே நிறம். அன்றைக்குச் சமையல் ஆகவில்லை. ஆனாலும் நான் வயிறு நிறைந்தவளாகத்தான் தூங்கினேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கை வைத்தேன். கடை டார்ச் எல்லாம் அழுத்தியதும் முழு வெளிச்சத்தில் எரியும். கைக்குழந்தையின் முகத்தில் அப்படி அடித்தால் அது கண்ணை இறுக மூடிக்கொள்ளும், அப்புறம் எந்த டாக்டராலும் திறக்க முடியாது. அதனால் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட்டையே மாற்றினேன். இப்போது அழுத்தினால் முதலில் மினுக்கென்று ஒரு சின்ன வெளிச்சம்தான் வரும். வேண்டுமானால் அடுத்தடுத்து அழுத்திக் கூட்டிக்கொள்ளலாம். வெளிச்சம் ஒரே இடத்தில் குத்தாமல் பரவுவதற்குக் களிம்பு டப்பாவின் வெள்ளை மூடியை வட்டமாக நறுக்கிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். வால் பக்கத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் செருகினேன். அது எதற்கென்றால், இரண்டு கைக்கும் வேலை இருக்கும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வதற்கு. இரும்பைக் கடித்துப் பல் கூசியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஊரார் என் படைப்பை எப்படி வரவேற்றார்கள் என்றால், பரிதாபப்பட்டார்கள். பழைய காலத்து டார்ச்சில் கட்டை தீரும்போது வெளிச்சம் மங்கி மஞ்சளடிக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, பளீரென்று வெள்ளையாக எரியாத பேட்டரி என்றால் கட்டை தீர்ந்த பேட்டரி. போகிற வீட்டிலெல்லாம் கட்டை மாத்தக்கூடாதா நர்சம்மா என்று கேட்பார்கள். ஒரு பெரியவர் தன் ரேடியோவிலிருந்து தடித்தடியான இரண்டு கட்டைகளை உருவிக் கொண்டுவந்து கொடுத்தே விட்டார். என் டார்ச்சை அந்தக் கட்டைக்குள் போடலாம், கட்டையை டார்ச்சுக்குள் போட முடியாது. மனசு நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டேன்.

அந்த ஐப்பசி மாதம் மழை விடாமல் பெய்தது. அடிவாரத்து ஊர் ஒன்றில் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பெண் ஒருத்தி, ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவமாகிப் பெண் குழந்தையோடு வீடு திரும்பியிருந்தாள். வீடு திரும்பியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வழக்கமான பார்வைக்காக மத்தியான நேரத்தில் நனைந்துகொண்டே போய்ச் சேர்ந்தேன். கரண்ட் இல்லை. வானம் இருண்டிருந்ததால் வீட்டுக்குள் பகல் என்கிற அடையாளமே இல்லை.

தாயும் பிள்ளையும் உள் அறையில் இருந்தார்கள். பச்சைப் பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலில் பழைய சேலையைத் திணித்து அடைத்திருந்தார்கள். தீட்டுக் கழிகிறவரை பிள்ளையை வாசலுக்குக் கொண்டுவருவதில்லை. இந்தப் பக்கத்தில் அது பெரிய கட்டுப்பாடு. அதோடு மழை வேறு. இப்படிப்பட்ட நேரத்தில் நான் வாசலுக்குத் தூக்கி வாருங்கள் என்று சண்டை போடுவதில்லை. எனக்குத்தான் வெயிலைக் கையில் எடுத்துப் போகிற வசதி இருக்கிறதே.

அந்தப் பெண்ணின் அம்மா வாய் நிறையச் சிரிப்போடு வரவேற்றார். பேத்தி ரொம்ப சாது, அழுவதே இல்லை, படுக்க வைத்தால் வைத்தபடி தூங்குகிறாள் என்று பெருமையாகச் சொன்னார். ஓசூரிலிருந்து மாப்பிள்ளை லீவு போட்டுப் பிள்ளையைப் பார்க்க வந்திருந்தார். அவருக்காகச் சமையல்கட்டில் கோழி கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்த வீடு அது. கட்டிலில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"பாலு இழுக்கவே மாட்டேங்கறாங்க்கா," என்றாள்.

தலைச்சன் பிள்ளைக்காரிக்குப் பால் கொடுக்கத் தெரியவில்லை, போகப் போகப் பழகிவிடும் என்று அவள் அம்மா முடித்துவிட்டார். எனக்கு அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அழாத பிள்ளை, பால் இழுக்காத பிள்ளை என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால் எந்த செவிலியரும் அடுத்த பேச்சுக்குக் காத்திருக்க மாட்டார்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மினுக்கு வெளிச்சத்திலேயே பிள்ளையின் மேனி மஞ்சளாகத்தான் தெரிந்தது. அதில் ஆச்சரியமில்லை, காலையில் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தார்கள். தாய்க்கும் மஞ்சள், பிள்ளைக்கும் மஞ்சள், துணியெல்லாம் மஞ்சள் கறை. அங்கேதான் எங்கள் ஊர்களில் காமாலை ஒளிந்துகொள்கிறது. யாராவது பிள்ளை மஞ்சளாக இருக்கிறதே என்று கேட்டால், குளிப்பாட்டியவர் பெருமையோடு தலையாட்டுவார்.

பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு நெற்றியைத் துடைத்தேன். பூசிய மஞ்சள் எண்ணெயில் வந்துவிடும். பஞ்சில் மஞ்சள் வந்தது. இன்னொரு பஞ்சில் துடைத்தேன், பஞ்சு வெள்ளையாகவே வந்தது. வெளிச்சத்தைக் கூட்டி நெற்றியை விரலால் அழுத்தி எடுத்தேன். ரத்தம் விலகின இடத்தில் தோல் மஞ்சளாக இருந்தது. மார்பு, வயிறு, தொடை என்று அழுத்திக்கொண்டே இறங்கினேன். மஞ்சளும் என்னோடு இறங்கி வந்தது. கடைசியில் உள்ளங்கால். குளிப்பாட்டும்போது உள்ளங்காலில் யாரும் மஞ்சள் தேய்ப்பதில்லை. அங்கேயும் மஞ்சள்.

உடனே தருமபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுகிறேன் என்றேன். வீட்டுச் சந்தோஷம் அப்படியே நின்றுபோயிற்று. அப்போதுதான் மாப்பிள்ளை வாய் திறந்தார். அதுவரை அறை வாசற்படியில் நின்று நான் செய்வதை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த பையன்.

"தப்பா நெனைக்காதீங்க்கா. நான் ஓசூருல லைட்டு கம்பெனிலதான் வேலை பாக்கறேன். நீங்க வெச்சிருக்கறது மஞ்சக் கலந்த எல்இடி. இதுல எதக் காட்டுனாலும் மஞ்சளாத்தானுங்க தெரியும்."

சொன்னதோடு நிற்காமல் தன் செல்போன் லைட்டைப் போட்டுப் பிள்ளைமேல் அடித்தார். அந்த நீல வெள்ளையில் பிள்ளை வெளுப்பாக, பொம்மை மாதிரி அழகாக இருந்தது. மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாப்பிள்ளையே சொல்கிறாரே என்றார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல், உண்மையான அக்கறையோடு, "கட்டய மாத்திட்டு வந்து பாருங்க நர்சம்மா," என்றார்.

எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. ஏறியதற்குக் காரணம் அந்தப் பையன் முட்டாள் இல்லை என்பதுதான். அவர் சொன்னது பாதி உண்மை. அதே மாதிரியான லைட்டை வைத்துக்கொண்டு என் புருஷனையே காமாலைக்காரனாக்கியவள் நான். இந்த லைட் அந்த லைட் இல்லை, இதைத் தக்காளியும் பப்பாளியும் வைத்துப் பரீட்சை பண்ணியிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது. சொன்னாலும் யார் கேட்பது. தாய்வீட்டில் மாப்பிள்ளையின் வார்த்தைக்கு இருக்கிற கனம் பிள்ளை பெற்றவளின் வார்த்தைக்கு இல்லை, நர்சம்மாவின் வார்த்தைக்கும் இல்லை. மழை விடட்டும், கரண்ட் வரட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று பேச்சு அந்தப் பக்கம் நகர்ந்தது.

நாளைக்கு என்கிற வார்த்தைக்கு நான் பயந்தேன். இந்தக் காமாலை ஒரு அளவுக்கு மேல் ஏறினால் மூளையைத் தொட்டுவிடும். தொட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. நான் போகிற ஊர்களில் ஒன்றில் ஒரு பிள்ளை இருக்கிறான். அவனுக்குக் காது கேட்காது, கழுத்து நிற்காது. அவன் அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்கிறாள், அவன் கால் அவள் முழங்காலைத் தாண்டித் தொங்குகிறது. அந்த வீட்டுக்குப் போய்வருகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது. இந்தப் பிள்ளை அப்படி ஆகக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் கத்தினால் காரியம் கெடும் என்பது தெரியும். என் குரல் உயர்ந்தால், நர்சம்மாவுக்கு ரோஷம் என்று பேச்சு திசை மாறிவிடும். நான் டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன். முந்தானையில் துடைத்தேன். கட்டிலில் இருந்த பெண்ணின் கையில் கொடுத்தேன்.

"நீயே பாரு கண்ணு. மொதல்ல உங்க வூட்டுக்காரரு கண்ணப் பாரு. அப்பறம் புள்ள கண்ணப் பாரு," என்றேன். மாப்பிள்ளையிடம், லைட் மஞ்சளென்றால் உங்கள் கண்ணும் மஞ்சளாகத்தானே தெரிய வேண்டும், கொஞ்சம் உட்காருங்கள் தம்பி என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் தயங்கினாள். புருஷன் முகத்தில் லைட் அடிப்பது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம், அதுவும் அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது. நான் அவள் கட்டைவிரலைப் பிடித்து அவர் கீழ் இமையில் வைத்தேன். இழுத்துப் பார்த்தாள். ஓசூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்தே வந்த கண், சிவப்பு நரம்புகள் ஓடியிருந்தன. நரம்புக்கு நடுவே விழி வெள்ளையாக இருந்தது. பீங்கான் தட்டு வெள்ளை.

பிறகு பிள்ளை. வெளிச்சத்தை மினுக்குக்குக் குறைத்துக் கொடுத்து, அவசரப்படாமல் காத்திருக்கச் சொன்னேன். உள்ளங்காலை நான் மெதுவாகச் சுரண்டினேன். பிள்ளை முகம் சுளித்தது. அப்புறம் வெளிச்சம் குத்தாததால், சோம்பலாக, பாதிக் கண்ணைத் திறந்தது. அவள் குனிந்து பார்த்தாள். கண்ணுக்கு யாரும் மஞ்சள் பூசுவதில்லை. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் புருஷன் கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பிள்ளை கண்ணைப் பார்த்தாள். இந்த முறை புருஷனின் இமையை இழுக்க அவளுக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை.

"ஒரே லைட்டுதானுங்களே," என்று அவரிடம் கேட்டாள். "உங்க கண்ணு வெள்ளையா இருக்குது. இவுளுக்கு மட்டும் எப்பிடிங்க மஞ்சளாவும்?"

டார்ச்சை அவளிடமிருந்து வாங்கி அவரும் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அவள் பிள்ளையைத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். தீட்டு, மழை, காற்று என்று அவள் அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் எதற்கும் மறுத்துப் பேசவில்லை, சுற்றுவதையும் நிறுத்தவில்லை. ஜன்னலில் திணித்திருந்த சேலையை உருவி, மழைக்கு மேலே போர்த்திக்கொள்ள எடுத்துக்கொண்டாள். அறைக்குள் அழுக்குப் பகல் கொஞ்சம் வந்தது. அந்த வெளிச்சத்திலும் பிள்ளை மஞ்சளாகத்தான் இருந்தது. அவள் அம்மா அதைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரே ஃபிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடி, பையில் வைத்துக் கொடுத்தார்.

நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, டார்ச்சைப் பையில் மாட்டிக்கொண்டேன். பொய் சொல்வதில் என்ன இருக்கிறது, என் கையால் ஒட்டிய அந்தப் பருப்பை நினைத்து எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆம்புலன்ஸில் தருமபுரி போகிற வழியெல்லாம் அவள் பிள்ளையை மார்பில் வைத்தபடியே வந்தாள். பிள்ளை வாயை வைத்துக்கொண்டு தூங்கியது. கன்னத்தைத் தட்டினால் ஒரு சப்பு, பிறகு தூக்கம். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகாததால் வந்த காமாலை என்றும், அளவு அதிகமாக இருக்கிறது, ஆனால் நேரத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்றும் டாக்டர் சொன்னார். பிள்ளையின் கண்ணைத் துணிப்பட்டையால் மூடி, நீல வெளிச்சத்துக்குக் கீழே படுக்க வைத்தார்கள். அந்தக் காமாலைக்கு அந்த வெளிச்சம்தான் மருந்து.

அடுத்தடுத்த நாட்களில் வேலை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்படிப் போவது என் வேலையில் சேராது. போகாமல் இருக்க முடியவில்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்குள் தாயைத் தவிர யாரையும் விடமாட்டார்கள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நீலத்துக்குள் ஒரு சின்ன உருவம் தெரியும். அந்த வெளிச்சத்தில் நிறம் என்று ஒன்று கிடையாது. பிள்ளை தேறுகிறதா இல்லையா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பையின் வாரில் தொங்கிய என் பேட்டரிக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. எனக்கும்தான். கையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி ஒரு சாயங்காலம் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பெனிக்குப் போன் போட்டு லீவை நீட்டியிருந்தார். சவரம் செய்யாத முகம். டீ வாங்கி வந்து கொடுத்தார்.

"நான் லைட்டத்தான் பாத்துட்டு நின்னேங்க்கா," என்றார். "புள்ளையப் பாக்கவே இல்ல."

நெஞ்சு நிமிர்ந்து ஆம்புலன்ஸில் ஏறியதிலிருந்து நானும் அந்த லைட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தது லைட்டைப் பற்றிய சண்டை. நான் ஜெயித்தேன், அவ்வளவுதான். அந்த அறையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருத்திதான்.

அவள் வெளியே வந்தபோது இதைக் கேட்டேன், உனக்கு எப்போது சந்தேகம் வந்தது என்று. அவள் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த ராத்திரியே தெரியும் என்றாள். கரண்ட் இல்லாத கும்மிருட்டு. பிள்ளை வாயை வைக்கிறது, இழுக்கவில்லை. முதல் நாள் இழுத்த இழுப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இருந்தது. லைட் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. சொன்னாள், ஒருவரும் காதில் வாங்கவில்லை. சொல்லிச் சொல்லி, தனக்குத்தான் பால் கொடுக்கத் தெரியவில்லை போல என்று அவளே நம்ப ஆரம்பித்திருந்தாள். அன்றைக்கு நான் வராமல் போயிருந்தால் அப்படியே நம்பியிருப்பேன் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் முதல் முறையாக அழுதாள். எனக்கும் கண்ணீர் வந்தது. மாப்பிள்ளை எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டார், பால் கொடுக்கிற நேரம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். கதவு மூடிக்கொண்டது. நாங்கள் இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணாடியில் நீலம் மட்டும் தெரிந்தது.

நெடுநேரம் கழித்துக் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள். ஒரு கையால் மார்பை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"இப்ப இழுக்கறாங்க்கா," என்றாள். "வலிக்குதுங்க்கா."